முன்னால் ஒன்று, பின்னால் நான்கு

ஜூலை 3, வியாழன்

இந்த டைரியை ஏலக்காய்க் கடையில் புது வருஷத்துக்குக் கொடுத்தார்கள். ஆறு மாதமாக ஜன்னல் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அண்டை கொடுத்துக் கிடந்தது. இன்று முதல் இதில் எழுதப் போகிறேன். ஏனென்றால் நான் செய்யப் போவது எழுதி வைக்க வேண்டிய வேலை. நாளைக்கு நாலு பேர் வந்து "எப்படிச் செஞ்சீங்க" என்று கேட்டால் வாயால் சொல்லி மாளாது.

என் பெயர் சன்னாசி. போடிக்கு மேற்கே முந்தலில், மலைச்சாலை தொடங்கும் இடத்தில் ஜீப் பட்டறை வைத்திருக்கிறேன். இருபத்தாறு வருஷம் ஆகிறது. என் கை பட்ட வண்டி பழுது என்று திரும்பி வந்ததில்லை. வந்திருந்தால் அது ஓட்டினவன் கோளாறு.

மாந்தோப்புகளுக்குப் பின்னால் ஆனைவழுக்கி என்று ஒரு சரிவுப் பாறை இருக்கிறது. ஜீப்காரர்கள் சங்கம் வருஷா வருஷம் அங்கே போட்டி வைக்கிறது. உச்சியில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுவார்கள். கயிறு கட்டி இழுக்காமல் நாலு சக்கரமும் அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டும். மூன்று வருஷமாக ஒரு வண்டியும் தாண்டவில்லை. இந்த மாதம் 27ஆம் தேதி என் வண்டி தாண்டும்.

பாறையில் வேகமாகப் போனால் சக்கரம் வெறுமனே சுழலும். பாறைக்கு வேண்டியது மெதுவு. அதனால் கியர் பெட்டிக்குப் பின்னால் என் கையாலேயே இன்னொரு சின்னப் பெட்டி செய்து வைக்கிறேன். உள்ளே ஒரு சின்னப் பல்சக்கரம், அதைக் கடித்துக்கொண்டு ஒரு பெரிய பல்சக்கரம். சின்னது மூன்று சுற்று சுற்றினால் பெரியது ஒரு சுற்று. 'மெதுவுப் பெட்டி' என்று பெயரும் வைத்துவிட்டேன்.

ஜூலை 5, சனி

காலையிலேயே மூட் கெட்டது. சுருளிவேல் என் வீட்டுக்காரி பவுன்தாயின் தம்பி. என்னோடு பட்டறையில் வெல்டிங் பார்க்கிறான். ஐ.டி.ஐ. படித்தவன். படித்தவனிடம் ஒரு கஷ்டம் உண்டு, எல்லாவற்றையும் தாளில் வரைந்து பார்ப்பான்.

"மாமா, நடுவுல இன்னொரு பல்சக்கரம் வேணாமா?"

"எதுக்கு?"

"இல்ல, ரெண்டு சக்கரம் மட்டும் ஒன்னை ஒன்னு கடிச்சா..."

"இன்னொன்னு வச்சா பெட்டி நாலு அங்குலம் கீழ தொங்கும். கல்லுல இடிக்கும். நீ முன்னாடி ஓடிப்போய்க் கல்லை எடுத்துப் போடுவியா?"

அவன் அத்தோடு விட்டிருக்கலாம். டீக்கடையில் போய் உட்கார்ந்த பிறகும், ஐந்தாறு டிரைவர்கள் இருக்கும்போது, "எதுக்கும் ஒரு தடவ யோசிச்சுக்கங்க மாமா" என்றான். எனக்கு எப்படி இருக்கும்? சொல்லிவிட்டேன்.

"என் கைவேலையில ஒரு தப்பு இருந்துச்சுன்னா, இந்த மீசைய எடுத்துட்டு இதே பெஞ்சில வந்து உக்காருறேன்."

"எதுக்கு மாமா இதுக்குள்ள மீசைய இழுக்குறீங்க?"

"சொன்னது சொன்னதுதான்" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர். அவருக்கு என்ன, டீ விற்றால் சரி.

மீசை பத்தொன்பது வயசில் வைத்தது. கல்யாணமாகி இருபத்துநாலு வருஷத்தில் பவுன்தாய் என்னை மீசை இல்லாமல் பார்த்ததில்லை. மேலுதட்டில் ஒரு தழும்பு உண்டு, இளவட்டத்தில் ஜல்லிக்கட்டில் காளை குத்தியது. ஊருக்கே தெரிந்த கதை. அதில் எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

பல்சக்கரங்கள் கோவையிலிருந்து வந்தன. அருமை.

ஜூலை 11, வெள்ளி

பெட்டி பொருத்தியாகிவிட்டது. பவுன்தாய் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து நாலு சக்கரத்துக்கும் வைத்தாள். நாளைக்கு ஓட்டம். சுருளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து வண்டி அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். "என்னடா பாக்குற?" என்றேன். "சும்மா மாமா" என்றான்.

ஜூலை 12, சனி

இன்று ரிவர்ஸ் சோதனை செய்தேன். வண்டி நன்றாகப் பின்னால் போகிறது.

பட்டறைக்குப் பின்னால் பவுன்தாய் கட்டிலில் சேலையை விரித்துக் கூழ் வத்தல் காயப்போட்டிருந்தாள். அதை அங்கே போட்டிருக்கக் கூடாது. கட்டிலின் இரண்டு கால் போய்விட்டது. சத்தம் கேட்டு வந்தவள் வத்தலைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"முன்னாடி போறேன்னு தான சொன்னீங்க?"

"மொதல்ல ரிவர்ஸ் சோதிக்கணும். அதுதான் முறை."

"அப்ப ரிவர்ஸ் கியரப் போட்டா எங்கிட்டுப் போகும்?"

அவளுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்.

ஜூலை 13, ஞாயிறு

பட்டறை விடுமுறை. தனியாக உட்கார்ந்து நிதானமாக ஓட்டிப் பார்த்தேன். உள்ளதை எழுதுகிறேன். முதல் கியர் போட்டால் பின்னால் போகிறது. இரண்டு, மூன்று, நாலு போட்டாலும் பின்னால்தான் போகிறது. ரிவர்ஸ் போட்டால் முன்னால் போகிறது. அதாவது இந்த வண்டிக்கு முன்னால் போக ஒரு கியர், பின்னால் போக நாலு கியர்.

இரண்டு பல்சக்கரம் ஒன்றையொன்று கடித்தால் ஒன்று இப்படிச் சுற்றும், மற்றது அப்படிச் சுற்றும். நடுவில் மூன்றாவதாக ஒன்று இருந்தால்தான் இரண்டும் ஒரே பக்கம் சுற்றும். இது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பெட்டி செய்த அன்று எனக்கு வேறு யோசனை ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

யோசித்துப் பார்த்தால் இது நல்லதற்கே. மற்ற வண்டியெல்லாம் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு ஏறப் பார்த்து வழுக்கி விழுகிறது. நாம் பின்பக்கமாக ஏறினால் என்ன? எஞ்சின் கீழே இருக்கும், முன் சக்கரம் இரண்டும் பாறையை அழுத்திப் பிடிக்கும். இதுதான் என் திட்டம். முதலிலிருந்தே இதுதான் திட்டம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பெட்டியைப் பிரித்தால் சுருளி பார்த்துவிடுவான். போட்டிக்கு இன்னும் பதினாலு நாள்தான். பிரிப்பதற்கில்லை.

ஜூலை 15, செவ்வாய்

ஓடைக்குள் பழகினேன். பின்பக்கமாகவே இரண்டு மணி நேரம். கழுத்து பிடித்துக்கொண்டது.

ஜூலை 16, புதன்

கழுத்து இன்னும் இடது பக்கமே பார்க்கிறது. டீக்கடையில் ஒருத்தன், "என்ன சன்னாசிண்ணே, யாரத் தேடுறீங்க?" என்றான். பவுன்தாய் நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள். தேய்க்கும்போது சொன்னாள்.

"இப்படிக் கழுத்தத் திருப்பித் திருப்பி ஓட்டுனா பாறை ஏறுறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிதான் ஏறணும். நான் பின்னாடி திரும்பி உக்காந்துக்கிறேன். வழிய நான் பாத்துச் சொல்றேன்."

"நீயா?"

"ஏன், எனக்குக் கண்ணு இல்லையா?"

அதோடு, பின்னால் கொஞ்சம் பாரம் இருந்தால்தான் ஏறும்போது வண்டி கவிழாது. மணல் மூட்டை போடலாம் என்றிருந்தேன். பவுன்தாய் வந்தால் மூட்டை தேவைப்படாது. அவள் எடையை இங்கே எழுதக் கூடாது என்று உத்தரவு. அப்படியானால் இந்த டைரியைப் படிக்கிறாள் என்றுதானே அர்த்தம்? படிக்கட்டும். நான் எழுதியது எல்லாம் உண்மை.

ஜூலை 18, வெள்ளி

சுருளி நான் சொல்லாமலே பின்பக்கம் பார்த்த மாதிரி ஒரு சீட் வெல்டிங் வைத்து, பெல்ட்டும் மாட்டிவிட்டான். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் சொல்ல நல்ல பதில் வைத்திருந்தேன். கேட்கவே இல்லை.

முதல் ஓட்டம். நான் முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன், அவள் பின்னால் பார்த்து. முதுகும் முதுகும் ஒட்டிக்கொண்டு. "சோத்தாங்கைப் பக்கம்" என்றாள். என் சோத்தாங்கைப் பக்கம் ஒடித்தேன். வண்டி சேற்றில் இறங்கியது.

"சோத்தாங்கைன்னா சோத்தாங்கை."

"யாரு சோத்தாங்கை?"

"சோறு போடுறவ சோத்தாங்கைதான்."

சேற்றிலேயே அரை மணி நேரம் சண்டை. அவள் சோத்தாங்கை என் பீச்சாங்கைப் பக்கம் இருக்கிறது, என் சோத்தாங்கை அவள் பீச்சாங்கைப் பக்கம் இருக்கிறது. சரி, "அங்கிட்டு, இங்கிட்டு" என்று வைத்துக்கொள்ளலாம் என்றாள். எங்கிட்டு அங்கிட்டு, எங்கிட்டு இங்கிட்டு என்று மறுபடியும் சண்டை. கடைசியில் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று தெரியவில்லை.

ஜூலை 19, சனி

வழி கண்டுபிடித்தவள் அவள்தான். என் இரண்டு கை முட்டியிலும் ஒரு கயிறு கட்டி, நுனியைப் பின்னால் அவள் பிடித்துக்கொண்டாள். எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தக் கயிற்றைச் சுண்டுவாள். நான் அந்தப் பக்கம் போவேன். பேச்சே வேண்டாம், சண்டையும் இல்லை.

ஓடைக்கரையில் ஆடு மேய்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள். சாயங்காலம் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. "இத்தன வருஷமா கயிறு கண்ணுக்குத் தெரியல, இப்பத் தெரியுது" என்கிறார்களாம்.

ஜூலை 22, செவ்வாய்

ஓடையில் இடுப்பு உயரக் கல்லைத் தாண்டினோம். நான் பார்க்கவே இல்லை. கயிறுதான் பார்த்தது.

ஜூலை 24, வியாழன்

சலூனுக்குப் போனேன். சலூன்காரர் முடி வெட்டிவிட்டு, கத்தியைத் தீட்டிக்கொண்டே, "ஞாயித்துக்கிழம சாயங்காலம் கடையத் தொறந்து வைக்கவாண்ணே?" என்றார். சலூனில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீடு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, மீசையை விரலால் தூக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். தழும்பு அப்படியேதான் இருக்கிறது, உதட்டைக் கோணலாக இழுத்துக்கொண்டு. காளையும் அதன் கொம்பும்.

ஜூலை 26, சனி

சாரல். பாறை நனைந்திருக்கும். பயமாக இருக்கிறது. இதை அவள் படித்தாலும் பரவாயில்லை.

ஜூலை 27, ஞாயிறு

முதலிலிருந்து எழுதுகிறேன்.

பட்டறையிலிருந்து ஆனைவழுக்கி ஆறு கிலோமீட்டர். முன்னால் போக இருப்பது ஒரே கியர், அதுவும் மெதுவுப் பெட்டி வழியாக. ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. வழியில் ஒரு ஆட்டு மந்தை எங்களை முந்திப் போனது. "வண்டியச் சூடாக்கக் கூடாது, அதான்" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். பவுன்தாய் பின்னால் உட்கார்ந்து, தாண்டி வந்த வழியைப் பார்த்துக்கொண்டு, தூக்குவாளியிலிருந்து புளியோதரை சாப்பிட்டாள்.

பாறையடியில் இருபத்திரண்டு வண்டி. கோவையிலிருந்தும் கொச்சியிலிருந்தும்கூட வந்திருந்தார்கள். தோள் உயரத்துக்கு டயர், மூக்கில் விளக்கு வரிசை. எங்கள் வண்டியைப் பார்த்து ஒருத்தன், "இது யார் பாட்டன் சொத்து?" என்றான். என் மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கயிறு இரண்டும் ஒரே நேரத்தில் இழுபட்டது. 'பேசாதே' என்பதற்கு அது அடையாளம். அதை அவளே சேர்த்துக்கொண்டாள்.

பாறை கண்ணாடி மாதிரி மினுங்கியது. முதலில் போன ஏழு வண்டியும் பாதிக்கு மேல் போகவில்லை. ஒவ்வொன்றும் மூஞ்சியைத் தூக்கும், சக்கரம் சுழலும், அப்படியே வழுக்கி இறங்கும். எட்டாவது நாங்கள்.

சங்கச் செயலாளர் செலஸ்டின் மேடம் திண்டுக்கல்காரர். கையில் கொடி, வாயில் விசில். எங்கள் வண்டி பாறைக்குப் பின்பக்கத்தைக் காட்டி நிற்பதைப் பார்த்தார்.

"சன்னாசிண்ணே, வண்டியத் திருப்பி நிறுத்துங்க."

"திருப்பித்தான் நிறுத்தியிருக்கேன் மேடம்."

கூட்டத்தில் சிரிப்பு. மேடம் விதித்தாளை எடுத்து மேலிருந்து கீழாக இரண்டு தடவை படித்தார். "நாலு சக்கரமும் கோட்டைத் தாண்டணும்னு போட்டிருக்கு. எந்தப் பக்கம் மொதல்லன்னு போடல" என்று சொல்லிக் கொடியைத் தூக்கினார்.

முதல் கியர் போட்டேன். வண்டி பின்னால் நகர்ந்தது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் கீழே நிற்கும் கூட்டம்தான். கூட்டம் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனது. அப்படித்தான் நாங்கள் ஏறுகிறோம் என்று எனக்குத் தெரிந்தது. சுருளி கூட்டத்துக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் தலையில் வைத்திருந்தான். இடது முட்டி சுண்டியது, ஒடித்தேன். வலது, ஒடித்தேன். பாதியைத் தாண்டினோம். ஏழு வண்டியும் நின்ற இடம் என் முகத்துக்கு முன்னால் கீழே போயிற்று.

அதற்கு மேல் பாசி. ஒரு சக்கரம் சுழன்றது. வண்டி ஒரு முழம் கீழே நழுவியது. என் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது.

"மிதிக்காதீங்க" என்றாள் பின்னாலிருந்து. சத்தமே போடவில்லை, அடுப்படியில் சொல்கிற மாதிரி. "சோத்தாங்கைப் பக்கம் ஒரு வெடிப்பு இருக்கு. என் சோத்தாங்கை." கயிற்றைக் கை வலிக்க இழுத்துப் பிடித்துக்கொண்டாள். நான் பிரேக்கை விட்டுவிட்டு அவள் இழுத்த பக்கம் முழுசாக ஒடித்தேன். சக்கரம் வெடிப்பில் இறங்கிப் பிடித்தது. வண்டி முனகிக்கொண்டே நகர்ந்தது. நகர்ந்துகொண்டே இருந்தது.

அப்புறம் பின்னாலிருந்து குரல் வந்தது. "நான் வந்துட்டேன். நீங்க இன்னும் வரல."

அவள் உட்கார்ந்த பக்கம் கோட்டைத் தாண்டியிருந்தது. நான் உட்கார்ந்த பக்கம் தாண்ட இன்னும் ஆறடி இருந்தது. அந்த ஆறடி போல் நீளமான தூரம் நான் போனதில்லை. முன் சக்கரமும் கோட்டைத் தாண்டியதும் எஞ்சினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். கீழே எல்லாரும் கத்துவது கொஞ்சம் கழித்துத்தான் காதில் விழுந்தது. அவள் முதுகு என் முதுகில் நடுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துத் திரும்பினால், சிரிக்கிறாள். எனக்குத்தான் கண் நிறைந்திருந்தது. அவ்வளவு சந்தோஷம்.

கீழே இறங்கி வந்ததும் மேடம் மைக்கை நீட்டினார். "பின்பக்கமா ஏறுறதுக்குன்னே நாலு கியர். இந்த உத்தி எப்படித் தோணுச்சு?"

"ரொம்ப நாள் யோசிச்சுச் செஞ்சது" என்றேன்.

சுருளி குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினான். அவன் செருப்புப் போட்டிருந்தான்.

ஜூலை 28, திங்கள்

வீடியோ எல்லா போனிலும் ஓடுகிறது. பட்டறையில் கூட்டம். டீக்கடைக்காரர் என் டீயில் இன்னும் ஒரு கரண்டி பால் விட்டார். மீசையை முறுக்கி முறுக்கி விரல் வலிக்கிறது.

ஜூலை 29, செவ்வாய்

காசிமாயன் வந்தான். எஸ்டேட் ஜீப் டிரைவர், முப்பது முப்பத்திரண்டு வயசு இருக்கும். தினமும் காலையில் பதினாலு பொம்பளைகளை ஏற்றிக்கொண்டு, பதினேழு கொண்டையூசி வளைவு ஏறி, அதற்கு மேல் எஸ்டேட் மண்பாதையில் ஏலக்காய் எடுக்கக் கொண்டுபோய் விடுகிறவன்.

"அண்ணே, அந்தப் பெட்டி எனக்கும் ஒன்னு வேணும். அச்சா அதே மாதிரி. எஸ்டேட் ஏத்தம் நம்ம பாறைய விட மோசம்ணே. இன்னும் ரெண்டு பேரும் கேக்குறாங்க."

"அதே மாதிரின்னா..."

"நாலு கியரும் பின்னாடி. அதுலதான சூட்சுமமே இருக்குன்னு மேடம் சொன்னாங்க."

ஓட்டிப் பார்க்கட்டுமா என்றான். கொடுத்தேன். பட்டறைக்குப் பின்னால் வாய்க்கால். வண்டி அதற்கு முதுகு காட்டி நின்றது. முன்னால் எடுப்பதற்காகப் பழக்கத்தில் முதல் கியரைப் போட்டான். வண்டி பின்னால் பாய்ந்து ஒரு சக்கரம் வாய்க்கால் விளிம்பில் தொங்கியது. நான் ஓடிப்போய்ச் சாவியைத் திருகினேன்.

காசிமாயன் சிரித்தான். "பழகிடும்ணே. என் சம்சாரம்கூட அந்த வண்டியிலதான் வேலைக்கு வருது, அது பயப்படாது."

வெள்ளிக்கிழமை வா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கொண்டையூசி வளைவில், பதினாலு பேரோடு, பழக்கத்தில் முதல் கியர் போட்டால்? அந்த வளைவில் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அங்கே ஒன்றும் இல்லை. வெறும் ஆகாசம்தான்.

அது உத்தி இல்லை. தப்பு. நான் ஒரு பல்சக்கரத்தை விட்டுவிட்டேன். அவ்வளவுதான். எழுதிவிட்டேன்.

ஜூலை 30, புதன்

காலை டீ நேரம். அதே பெஞ்சு. காசிமாயனையும் மற்ற இரண்டு பேரையும் வரச் சொல்லியிருந்தேன். சுருளியும் இருந்தான். எழுந்து நின்று சொன்னேன்.

"அந்தப் பெட்டிய யாரும் மாட்டாதீங்க. நான் நெனச்சுச் செஞ்சது இல்ல அது. நடுவுல ஒரு சக்கரம் விட்டுப்போச்சு. சுருளி மொதல்லயே சொன்னான். நான் கேக்கல. மறைச்சேன்."

நான் சுருளியைப் பார்த்தேன்.

"தெரியும் மாமா" என்றான்.

"எப்பருந்து?"

"நீங்க வத்தல் மேல ஏறுனதுலருந்து."

"அப்ப ஏன்டா கேக்கல? மீசை பந்தயம் உனக்கும் எனக்கும் தான?"

"அக்கா கேக்கக் கூடாதுன்னுச்சு. அவரா சொல்லட்டும், அவரா சொன்னாத்தான் அது பேச்சுன்னுச்சு. அதுவரைக்கும் நீங்க கவுந்துறக் கூடாதுன்னுதான் சீட்டு வச்சேன்."

பதினெட்டு நாளாக அக்காவும் தம்பியும் என்னை வைத்து நாடகம் பார்த்திருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கோபத்தோடு நேராகச் சலூனுக்குப் போய் உட்கார்ந்து, "எடுங்க" என்றேன். டீக்கடையே பின்னால் வந்தது.

"வேணாம்ணே, அதான் பாறை ஏறிட்டீங்கள்ல" என்றான் காசிமாயன்.

"ஏறுனது அவ கயிறு. தப்பு என்னோட கை. எடுங்க."

எடுத்தார். எடுத்ததும் யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் உதட்டைத்தான் பார்த்தார்கள். நான் எதையும் மறைக்காமல் திரும்பிப் போய், சொன்ன பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு டீ முழுசாகக் குடித்தேன். மீசையில் படாமல் டீ குடித்து முப்பது வருஷம் இருக்கும். சூடு நேராக உதட்டில் தெரிந்தது.

வீட்டுக்குப் போனால் பவுன்தாய் வாசலில் வத்தல் பிழிந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். கூழ்க் கையைச் சேலையில் துடைத்துவிட்டு எழுந்து வந்து, தழும்பின் மேல் விரலை வைத்தாள்.

"வலிச்சிருக்கும்" என்றாள்.

"காளை குத்துனா வலிக்காதா?"

"ஏங்க, மாடு குத்துன தழும்ப இந்த ஜில்லாவுல எவனாவது மீசை வச்சு மறைப்பானா? நெஞ்ச நிமித்திக் காட்டிக்கிட்டுல்ல திரிவான். இதையும் நீங்களா சொல்லுவீங்கன்னு இருபத்துநாலு வருஷமா இருக்கேன்."

நான் அவள் பக்கத்தில், வத்தல் சேலை ஓரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு சொன்னேன். பதினேழு வயசு. வேலை பழகின பட்டறை. எனக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லி ஒரு பெட்ரோல் ஜீப்புக்கு நானே டைமிங், அதாவது எஞ்சினில் தீப்பொறி விழும் நேரம், வைத்தேன். தப்பாக வைத்தேன். ஸ்டார்ட் செய்ய கிராங்க் கம்பியைச் சுற்றினேன், அது எதிர்த்து அடித்தது. உதடு கிழிந்தது, ஒரு பல் போயிற்று. மூன்று தையல். ஊருக்கு வரும்போது ஜல்லிக்கட்டு நாள், யாரோ "மாடா?" என்று கேட்டார்கள். நான் ஆமாம் என்றேன். ஒரு ஆமாம்தான். அதற்கு மேல் திருப்ப முடியவில்லை.

அவள் கேட்டு முடித்தாள். முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் அடக்க முடியாமல் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி. "கம்பியா" என்றாள். "கம்பி குத்துன வீரன்." எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. நானும் சிரித்தேன். சிரிக்கும்போது உதடு கோணுகிறது, அதைப் பார்த்து அவள் இன்னும் சிரித்தாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காசிமாயன் சொன்னபடி வந்தான், மற்ற இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு. பெட்டி வேண்டாம் என்று சொல்லத்தான் வருகிறான் என்று நினைத்தேன்.

"மூணு சக்கரம் வச்சுச் செஞ்சு குடுங்கண்ணே."

"தப்புப் பண்ணினவன்கிட்டயேவா?"

"தப்புன்னு சொல்ற மெக்கானிக்க இப்பத்தான் மொதல் தடவயா பாக்குறோம். பதினாலு பேர ஏத்திக்கிட்டுப் போறவன் வேற யார்கிட்ட போவேன்?"

பவுன்தாய் உள்ளே இருந்து நாலு டம்ளரில் மோர் கொண்டுவந்தாள். நான் சுருளியைக் கூப்பிட்டேன். "மாப்ள, தாளையும் பென்சிலையும் எடுத்துட்டு வா. நீ வரை, நான் பாக்குறேன்."